கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தோம்

"ஏதாச்சும் ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க சிஸ்டர்." என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் நோயாளிகள் மிகக் குறைவு. மகன் கேட்பார், மருமகள் கேட்பார், சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யாரும் கேட்பதில்லை. நான் கை கழுவிவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அந்தப் பேச்சு வரும். கேட்ட கையோடு, "எங்களுக்காகச் சொல்லல, அவரு படற பாட்டைப் பாக்க முடியல" என்று ஒரு சமாதானமும் சேர்ந்துகொள்ளும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கான செவிலியர் நான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பெரும்பாலோர் இதைச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வந்து கொடுக்கும் திட்டமாகத்தான் அறிவார்கள். இதற்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு வண்டி, ஒரு செவிலியர், ஒரு பிசியோ. கிடையில் விழுந்தவர்கள், புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரி கைவிரித்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் போனவர்கள் எல்லாரையும் வீட்டில் போய்ப் பார்ப்பது. ஊருக்குள் வீட்டைக் காட்டுவது சுகாதாரத் தன்னார்வலர் அக்கா. அவர் இல்லாவிட்டால் எனக்கு யார் வீட்டுக் கதவும் திறக்காது.

என் ஊர்கள் எலவனாசூர்கோட்டையைச் சுற்றி இருப்பவை. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் சாலையில் இருக்கிறது கோட்டை. கிழக்கே போனால் முண்டியம்பாக்கம், ஜிப்மர். மேற்கே போனால் கள்ளக்குறிச்சி, சேலம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்குப் பிறகும் பெரிய நோய் என்றால் பழைய கால் பழைய வழியில்தான் போகிறது. இங்கே கரும்பு வெட்டுகிறவருக்கும் மரவள்ளிக்கிழங்கு போடுகிறவருக்கும் சேலம் ஆஸ்பத்திரிகளின் பெயர் வரிசையாகத் தெரியும். உயிர் பிழைக்கப் போகிற வண்டியும் இந்தச் சாலையில்தான் போகிறது, சாவதற்கு வீடு திரும்புகிற வண்டியும் இதில்தான் வருகிறது.

ஊசி கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "ராத்திரி யாரு பக்கத்துல படுக்கறது?" என்று திருப்பிக் கேட்பேன். அநேகமாக மருமகள். சில வீடுகளில் கட்டிக்கொடுத்து, ஏதோ காரணத்தால் திரும்பி வந்துவிட்ட மகள். அவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை, துணி எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து சுமக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனால், கேள்வியின் பாதி அங்கேயே அவிழ்ந்துவிடும். சிறுநீர்க் குழாய் ஒன்று போட்டு, இரவுக்கு வலி மாத்திரையை இரட்டிப்பாக்கி, முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்து, காற்று மெத்தைக்கு ஏற்பாடு செய்தால், அடுத்த முறை போகும்போது பல வீடுகளில் அந்தப் பேச்சே இருக்காது. காற்று மெத்தை கிடைக்காத வீட்டில் வாழையிலையை விரித்துப் படுக்கவைக்கச் சொல்வேன். படித்த டாக்டர்கள் சிலர் சிரிப்பார்கள். ஒட்டாத துணி இல்லாத வீட்டில் ஒட்டாத இலை நல்லது.

இதை இப்படியே முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். நோய் ஆதரவுச் சிகிச்சை பற்றிய கூட்டங்களில் நாங்கள் எல்லாரும் இப்படித்தான் முடிப்போம்: வலியைத் தீர்த்துவிட்டால் சாவைக் கேட்க மாட்டார்கள். முக்கால்வாசி உண்மை. மிச்சம் கால்வாசி பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

கருணைக்கொலை சரியா தவறா என்று தொலைக்காட்சியில் விவாதிக்கிறவர்களுக்கு ஊசிதான் கண்ணில் நிற்கிறது. என் ஊர்களில் ஊசி போட்டு யாரும் யாரையும் முடிப்பதில்லை. இங்கே நடப்பது வேறு. அதற்குப் பெயர், "கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தோம்."

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர். மூளையில் ரத்தக் கசிவு. வேறு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ., வென்டிலேட்டர். காப்பீடு ஓரளவுக்கு வந்தது, பிறகு வட்டிக்கு வாங்கினார்கள், பிறகு மாடு போனது. பெரிய டாக்டர் மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் இல்ல தம்பி, செலவு பண்ணாதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றிருக்கிறார். நல்ல மனதோடு சொன்னதுதான். பிறகு நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று அதில் அச்சடித்திருந்தது. மகன் கையெழுத்துப் போட்டார்.

வாயால் ஒரு ஆலோசனை. காகிதத்தில் அதற்கு நேர் மாறு. நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

தொண்டைக் குழாயோடு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே தனியார் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். இரவு. கூடத்தில் பாய் விரித்து, உறவுக்காரர்கள் கூடி, "பால் ஊத்தறவங்க ஊத்திடுங்க" என்று ஒரு குரல். ஆம்புலன்ஸில் வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். எல்லாரும் ஆயிற்றா என்று பார்த்துவிட்டு, குழாயை உருவிவிட்டு, பையையும் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சினிமாவில் வருவதுபோல் மூச்சு அப்போதே நிற்கவில்லை. அதுதான் யாரும் இவர்களுக்குச் சொல்லாதது. குழாயை எடுத்தபின் சிலர் சில நிமிடத்தில் போகிறார்கள். சிலருக்கு மணிக்கணக்கு, சிலருக்கு நாள்கணக்கு. மேஸ்திரிக்கு மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது.

காலையில் தன்னார்வலர் அக்கா போன் செய்தார். நான் போனபோது தொண்டையில் சளி கொதிக்கிற சத்தம் வாசலுக்கே கேட்டது. வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி பால் விட்டுக்கொண்டிருந்தார்கள். விழுங்கத் தெரியாத தொண்டையில் விழுந்த பால் நுரையீரலுக்குத்தான் போகும். நான் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலையைக் கொஞ்சம் உயர்த்தி, பஞ்சைச் சுற்றிய விரலால் வாயைத் துடைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி சளிச்சுரப்பைக் குறைக்கும் மருந்தைத் தோலுக்கடியில் போட்டேன். பிறகு பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் சொன்னேன்: "ஊத்தாதீங்க பெரியம்மா. பஞ்சுல தொட்டு உதட்டுல தடவுங்க. சாமி கணக்குல அதுவும் பால்தான்." அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் தடவினார். மற்றவர்களையும் தடவச் சொன்னார். சத்தம் குறைந்தது. மறுநாள் சாயந்திரம் அவர் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த மூத்த மகன் என் வண்டியை வழியில் நிறுத்தினார். "நாங்கதானே சிஸ்டர் கொன்னுட்டோம்? நான்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றார்.

சட்டப்படி பதில் சொல்ல முடியும். 2018 மார்ச் 9-ஆம் தேதி, காமன் காஸ் அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. மீட்சி இல்லாத நோயாளிக்கு உயிர்காப்புக் கருவியை விலக்கிக்கொள்வது கொலை அல்ல. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வைத்த முறை மாஜிஸ்திரேட், கலெக்டர் என்று நீண்டுகொண்டே போனதால் யாராலும் நடத்த முடியவில்லை. 2023 ஜனவரி 24-இல் அதைச் சுருக்கினார்கள். ஆஸ்பத்திரியே மூன்று மருத்துவர்கள் கொண்ட ஒரு குழுவையும், அதைச் சரிபார்க்க இன்னொரு குழுவையும் போடலாம். இரண்டாவது குழுவில் ஒருவரை மாவட்டத்தின் தலைமை மருத்துவ அலுவலர் நியமிப்பார். 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லப் பார்க்க வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

அந்த வழியில் போயிருந்தால் அந்தத் தாளில் மருத்துவர்கள் கையெழுத்து முதலில் இருந்திருக்கும். 'இனிப் பயனில்லை' என்பதை அவர்கள் எழுதியிருப்பார்கள். மகன் அதற்குச் சம்மதித்திருப்பார். குழாயை எடுக்கும் முன் மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மார்பின் கொடுத்திருப்பார்கள். எடுத்த பிறகும் ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்திருப்பார். செய்யும் காரியம் ஒன்றுதான். ஒன்றில் முடிவு மருத்துவத்துடையது, மற்றதில் பாவம் மகனுடையது.

ஐ.சி.யூ. டாக்டர்களை வில்லனாக்க எனக்கு மனமில்லை. வென்டிலேட்டரை நிறுத்தியதாக எழுதிக் கையெழுத்திட்டால், நாளைக்குத் திருச்சியிலிருந்து வரும் மச்சான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார், அதற்குமுன் கண்ணாடியை உடைப்பார். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு குழுவுக்கு ஆறு மருத்துவர்கள் தேறுவார்களா என்பதும் சந்தேகம். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென்று ஒரு சுற்றறிக்கை போட்டு, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது. அப்படி அரசே முன்னால் நின்றால் டாக்டருக்கு முதுகெலும்பு வரும். அதுவரை ஆம்புலன்ஸ் பையன்தான் குழாயை உருவுவான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டில் சாக வேண்டும் என்பது இங்கே பெரிய ஆசை. காசே வாங்காத அரசு ஆஸ்பத்திரியிலிருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். சொந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து கண் மூட வேண்டும், அதில் எந்தத் தப்பும் இல்லை. வருகிறவரோடு நாலு ஊசியும், ஒரு தாளில் என்ன நடக்கும் என்ற விவரமும், எங்களுக்கு ஒரு போனும் வந்தால் போதும். பிணவறையிலிருந்து போகிறவருக்கு இலவச அமரர் ஊர்தி உண்டு. உயிரோடு சாகப் போகிறவருக்கு எந்த ஊர்தியும் இல்லை, வாடகை பேசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மகனுக்கு நான் சட்டம் பேசவில்லை. "உங்கப்பாவைக் கொன்னது மூளையில உடைஞ்ச ரத்தக்குழாய் தம்பி. நீங்க போட்டது அவரு வீட்டுக்கு வர்றதுக்கான கையெழுத்து" என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

மார்பின் பேச்சு எடுத்தேன் அல்லவா. அதன் மேல் இருக்கிற பயம் தனிக் கதை. "அது குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள், சில மருந்தாளுநர்களும் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி விளைகிறது; நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கு அபின் விற்கிற நாடு இது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். கேரளத்தில் 1993-லேயே கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரண மருத்துவத்தைத் தொடங்கி, பஞ்சாயத்து வரைக்கும் கொண்டுபோனார்கள். நாம் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பினோம். என் கைக்கு வரும் மார்பின் மாத்திரை ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு, நோயாளி இறந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

நாலு மணிக்கு ஒரு முறை, வலிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கிற மார்பின் யாரையும் கொல்வதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மாத்திரை கொடுக்க மறந்தால் நோயாளி நம்மைத் திட்டுவார். வலி குறைந்து தூங்குகிறவரைப் பார்த்து "மயக்கிட்டீங்களே" என்கிறார்கள். மாதக்கணக்கில் தூங்காதவர் தூங்குகிறார், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கால்வாசிக்கு வருகிறேன்.

கன்னத்தில் புற்றுநோய் வந்த ஒருவர். வாழ்நாளெல்லாம் வாயில் ஹான்ஸ். காஞ்சிபுரத்தில் கதிர்வீச்சு பார்த்து, திரும்ப வந்து, கன்னம் ஓட்டையாகிவிட்டது. புண்ணின் வாடை தெருமுனைக்கு வரும். மனைவி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சோறு கரைப்பார். மகன் திண்ணையோடு நின்றுவிடுவான். முதல் நாள் புண்ணுக்குள் புழு இருந்தது. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை ஓரமாக வைத்தால் புழு மேலே வரும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகு உப்புத் தண்ணீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை அம்மியில் பொடித்தாற்போல் நுணுக்கித் தூவினேன். மனைவிக்கும் செய்து காட்டினேன். வாடை அடங்கியதும் மகன் உள்ளே வந்து உட்கார்ந்தான். அந்த வீட்டில் அதுதான் பெரிய சிகிச்சை.

மார்பினில் வலியும் அடங்கியது. பேச்சு வராது, பேத்தியின் கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டுவார். ஒரு நாள் எழுதினார்: "வலி இல்ல. ஆனா போதும்." நான் படித்தேனா என்று பார்த்துவிட்டு, 'போதும்' என்பதன் கீழ் கோடு போட்டார்.

அவருக்கு மனச்சோர்வா என்று பார்த்தோம். டாக்டர் வந்து பேசினார். வீட்டில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை அண்ணன் வீட்டுக்கு மாற்றச் சொன்னேன்; இதைப் புற்றுநோய் உள்ள எல்லா வீட்டிலும் சொல்வேன். அவர் அழுகிற ஆள் இல்லை. பேத்தியைப் பார்த்துச் சிரிப்பார், மழை பெய்ததா என்று கேட்டு எழுதுவார். போதும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். மனைவியோ மகனோ தூண்டவில்லை, அவர்கள் எதிர்த்தார்கள்.

ஊசி கிடையாது என்று நேராகச் சொன்னேன். சட்டம் விடாது, விட்டாலும் நான் போட மாட்டேன். ஆனால் எதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொன்னேன். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் எனலாம். மறுபடி ஆஸ்பத்திரி வேண்டாம் எனலாம். மூக்கில் போட்ட உணவுக் குழாய் கழன்று வந்தால் திரும்பப் போட வேண்டாம் எனலாம். அவர் கடைசியைச் சுட்டிக்காட்டினார். டாக்டர் வேறு வேறு நாளில் இரண்டு முறை, மனைவி முன்னிலையில் கேட்டு, நோயாளிக் குறிப்பில் எழுதினார். குழாய் ஒரு விடியற்காலை கழன்றது. நான் திரும்பப் போடவில்லை. ஐஸ்கட்டி, உதட்டுக்கு வெண்ணெய், வாயால் முடியாதபோது தோலுக்கடியில் மார்பின். இரண்டு வாரத்துக்குள் போனார்.

எழவு வீட்டில் அவருடைய தங்கை என்னைப் பார்த்து, "எங்கண்ணனைப் பட்டினி போட்டுட்டீங்களே" என்றார். அவரிடம் வாதாட முடியாது. அது உண்ணாவிரதமா, சிகிச்சை மறுப்பா, மெதுவான தற்கொலையா, இயற்கையான சாவா? புத்தகம் சிகிச்சை மறுப்பு என்கிறது; நானும் அப்படித்தான் நம்பிச் செய்தேன். குழாயைப் போடாத என் கைக்கும் ஊசி போடும் கைக்கும் வித்தியாசம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாகும் வழியை நோயே நடத்தியது, நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த நோட்டுக்காரர் பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு வாரம்தான். என் பிசியோ நண்பர் வண்டியில் வரும்போது அடிக்கடி சொல்வார்: "வலிக்கு உங்ககிட்ட மாத்திரை இருக்குக்கா. அடுத்தவன் கழுவி விடற அவமானத்துக்கு எந்த மாத்திரை?" இதற்கு நான் இன்னும் பதில் தேடவில்லை, தேடினால் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

ஆனாலும் ஊசி சட்டமாக வேண்டாம் என்றே நினைக்கிறேன். காரணம் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கிறது. ஒரு பாட்டியின் பேரன் கனடாவில் இருக்கிறான். வீடியோ காலில் பாட்டியைப் பார்த்துவிட்டு, "இங்க இதெல்லாம் லீகல் சிஸ்டர்" என்றான். உண்மைதான். நெதர்லாந்தில் 2002 முதல், கனடாவில் 2016 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே நோயாளி தன் வாயால் கேட்க வேண்டும். பேரன் கேட்டால் கணக்கில் வராது. இதைச் சொன்னதும் அவன் மௌனமானான். அவன் கெட்ட பையன் இல்லை, பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவன். என் ஊர்களில் கிடையில் இருக்கும் பெண்கள் அநேகம் பேர் பெயரில் காணி நிலம் கிடையாது, கையில் உதவித்தொகை தவிரக் காசு கிடையாது. "உனக்கு என்ன வேணும் பாட்டி?" என்று கேட்டால், "அவனுக்குக் கஷ்டம் இல்லாம போயிட்டாத் தேவல" என்பார்கள். அந்தப் பதிலை விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளும் படிவம் ஒன்று அச்சாகி வந்தால், அதில் கைநாட்டு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். கைநாட்டு வாங்கும் இடங்களில் நான் நின்றிருக்கிறேன்.

தலைக்கூத்தல் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் கிழடுகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி அனுப்பிவைக்கும் வழக்கம் 2010 வாக்கில் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' அதைப் பற்றியது, தேசிய விருதும் வாங்கியது. மதுமிதாவின் 'கே.டி.' படத்தில் கிழவனார் தப்பித்து ஓடிவிடுவார். இங்கே கேட்டால், "அதெல்லாம் தெக்கத்தி வழக்கம், நம்ம பக்கம் கெடையாது" என்பார்கள். நம்ம பக்கம் பால் இருக்கிறது. காணி மேல் ஆசை போகவில்லை என்று சொந்தக் கொல்லை மண்ணைக் கரைத்து ஊற்றுவது இருக்கிறது. நகையை உரசிய தண்ணீர் இருக்கிறது. பிரியாவிடை எங்கே முடிந்து அவசரம் எங்கே தொடங்குகிறது என்பது கரண்டியின் அளவைப் பொறுத்தது.

மலையில் வேறு மாதிரி. கொஞ்ச காலம் கல்வராயன் மலையில் ஒரு சக ஊழியருக்குப் பதிலாக வேலை பார்த்தேன். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே, ஜீப்பை விட்டிறங்கி நடந்து போகிற ஊர்கள். மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பாட்டி கூழை ஒதுக்கிவிட்டார். வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. "வேணாங்குது, உட்டுடுங்க" என்றார் மகன், சாதாரணமாக. கணப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். குழந்தைகள் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தன. யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கீழே இருந்து போனவளுக்கு அது பெரிய ஞானமாகத் தெரியும். அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது. அதே தூரம்தான் பாம்பு கடித்த பையனையும் பிரசவ வலி வந்த பெண்ணையும் காவு வாங்குகிறது. பாட்டியின் நிம்மதியில் பாதி, ரோடு இல்லாததால் வந்த நிம்மதி.

பயிற்சிக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் அருணா ஷான்பாக் பற்றிக் கேட்பார்கள். எங்களில் ஒருத்தி. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ். 1973 நவம்பரில் அங்கே வேலை பார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். 2015 மே 18-இல் நிமோனியாவில் சாகும் வரை ஏறத்தாழ 42 வருடம் அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். உணவை நிறுத்த அனுமதி கேட்டுப் பத்திரிகையாளர் பிங்கி விரானி வழக்குப் போட்டார். அங்கிருந்த நர்ஸ்கள் விடவே மாட்டோம் என்றார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் நர்ஸ்கள் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில்தான் கருவிகளை விலக்கிக்கொள்ளும் வழியையும் முதன்முதலாகத் திறந்தது. அத்தனை வருடமும் அவளுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். கே.இ.எம்.மில் எட்டு மணி நேரம் முடிந்தால் கை மாற்ற அடுத்த நர்ஸ் வருவாள். இங்கே மருமகளுக்கு ஷிப்ட் கிடையாது. அவள் ஊசி கேட்டால் அவளைக் கொலைகாரி என்று நினைக்கும் முன்னால், ஒரு ராத்திரி அவளைத் தூங்கவிட வழி பாருங்கள்.

போன வருடம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவலி ஆள், மனைவி இல்லை, இரண்டு மகன்களுக்கும் ஆகாது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்றார். 2023 திருத்தத்துக்குப் பிறகு அது முடியும்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி முன்னால் கையெழுத்து, தனக்காகப் பேச வேண்டியவர்களின் பெயர்கள், ஒரு நகல் உள்ளாட்சி அலுவலரிடம். நோட்டரி முதலில் சொத்து உயில் என்று நினைத்து நிலத்தின் சர்வே எண் கேட்டார். புரிந்ததும் வாத்தியாரைச் சந்தேகமாகப் பார்த்தார். "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா சார்?" என்று மெதுவாக விசாரித்தார். நல்ல மனுஷன். நான் செவிலியர் என்று சொன்னதும் தெம்பாகிக் கையெழுத்துப் போட்டார். பேச வேண்டியவர்கள் என்ற இடத்தில் வாத்தியார் இரண்டு மகன்களின் பெயரையும் எழுதினார். "ஒருத்தன் பேரை மட்டும் போட்டா இன்னொருத்தன் பிளக்கைப் புடுங்க விட மாட்டான், ரெண்டு பேரும் சேர்ந்தாவது பேசட்டும்" என்றார்.

அங்கிருந்து ஊராட்சி அலுவலகம். எழுத்தர் தாளை இரண்டு முறை படித்தார். பீரோவைத் திறந்து பார்த்தார். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, நூறு நாள் வேலை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் கட்டு இருந்தது.

"இதை எந்த ஃபைல்ல சார் வெக்கறது?"

"பிறப்பு இறப்புல வெச்சுடு தம்பி" என்றார் வாத்தியார்.

"அது நடந்த பிறகு வெக்கற ஃபைல் சார்."

கடைசியில் எழுத்தர் ஒரு புது அட்டையை எடுத்து, மேலே என்ன எழுதுவது என்று யோசித்து, 'இதர' என்று எழுதி, எண் ஒன்று என்று போட்டார். வாத்தியார் ரசீது கேட்டார். ரசீதுக்குப் படிவம் இல்லை என்றார் எழுத்தர். வாத்தியார் விடவில்லை. தன்னிடம் இருந்த நகலிலேயே தேதி போட்டுச் சீல் அடித்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.